எதிராளியின் பக்கம் முதலில்

எம்.ஏ. முடித்து மாதக்கணக்காகியும் எனக்கு வேலை அமையவில்லை. கல்லூரியில் அரசியல் துறைக்குத் தற்காலிகமாக ஒரு விரிவுரையாளர் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. பிரின்ஸ்பாலிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவர் என் பேராசிரியர். சொல்கிறேன் என்றார். ஆனால் தேர்தல் வந்துவிட்டது, அவரும் வேட்பாளராகிவிட்டார். அதை ஞாபகப்படுத்தவும் பயம், சும்மா இருக்கவும் பயம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை.

பேராசிரியர் பழமைவாதி. அதை அவரே வகுப்பில் சொல்வார், கூச்சமில்லாமல். சுதந்திரம் வந்த வருஷம், மாணவர்கள் எல்லாம் ஊர்வலம் போனபோது காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்திய இளம் விரிவுரையாளர் அவர் என்று கல்லூரியில் இன்னமும் கேலி பேசினார்கள். பிறகு நகரசபைக்குப் போனார். இப்போது, பெர்மிட் லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், ஜனங்கள் சொத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்ற கட்சியின் சார்பில் சட்டசபைக்கு நின்றார்.

அவர் பாடம் நடத்துவதில் ஒரு முறை உண்டு. எதைப் பேசினாலும் எதிராளியின் பக்கத்தை முதலில் சொல்வார். அரைகுறையாக அல்ல, எதிராளியே கேட்டால் வாய் பிளக்கும் அளவுக்குச் சொல்வார். அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக அடித்து நொறுக்குவார். அந்த இரண்டாம் பாதிக்காகவே நாங்கள் காத்திருப்போம்.

எங்கள் பக்கத்து ஓட்டெல்லாம் தமிழர் ஓட்டு. அவர் கன்னடக்காரர், தமிழ் வராது. அதனால் மில் கேட் கூட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் பேசுவதை நான் வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

“இன்னாடா, உங்க மேஷ்ட்ருக்கு வேற ஆளே கெடைக்கலயா?” என்றார் அப்பா. “எங்க சங்கத்து ஆளுங்க மூஞ்சிலயா வந்து நிப்ப?”

“அவரு சொன்னாதாம்பா வேல.”

“தெரியுது. நான் கடேசில நிக்கிறேன். என்னப் பாக்காத.”

மத்தியான ஷிப்டுக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் கூட்டத்தை முடிக்க வேண்டும். பேராசிரியரை அழைத்து வரவேண்டிய கட்சிச் செயலாளர், சிட்டி மார்க்கெட்டில் அரிசி மண்டிக்காரர், தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். மேடை ஏறிய உடனே பேராசிரியர் தொடங்கினார், வகுப்பில் தொடங்குவது போலவே. தொழிலாளிக்குச் சங்கம் ஏன் வேண்டும், முதலாளியைத் தனியாக எதிர்கொள்பவன் ஏன் தோற்கிறான், சர்க்கார் ஏன் தலையிட வேண்டும் என்று. நானும் சொல்லிக்கொண்டே போனேன். கைதட்டல் ஆரம்பித்தது.

“அடிச்சான் பாரு! நம்ம ஆளுடா இவரு!” என்று யாரோ கத்தினார்.

பேராசிரியர் கைதட்டலுக்குத் தலையசைத்து இன்னும் ஆழமாகப் போனார். நான் குனிந்து, “சார், மில் சங்கு ஊதிவிடும். நம்ம பக்கத்துக்கு வந்துடுங்க” என்றேன். “வருகிறேன், வருகிறேன், அடித்தளம் சரியாக இருக்க வேண்டாமா?” என்றார்.

சங்கு ஊதியது. அவர் “ஆனால்” என்று விரலை உயர்த்தினார். நானும் “ஆனால்” என்றேன். கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை. எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வாத்தியாரே, தெளிவா சொன்ன! ஓட்டு செங்கொடிக்குத்தான்!” என்று ஒருவர் திரும்பிக் கும்பிட்டார். சுற்றிலும் சிரிப்பு.

மண்டிக்காரர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். “அப்பன் சங்கத்துல, புள்ள இங்க. மாத்திச் சொல்லி எங்க தலயில மண்ணப் போட்டியேடா!”

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். வேலைகூடப் பரவாயில்லை, துரோகி என்று பேராசிரியரும் நம்பிவிட்டால்?

மறுநாள் காலை பேராசிரியர் தம் அறைக்கு அழைத்தார். மண்டிக்காரரும் உட்கார்ந்திருந்தார். “நேற்று நீ தமிழில் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எனக்குச் சொல்” என்றார் பேராசிரியர். சொன்னேன். எந்த இடத்திலும் அவர் குறுக்கிடவில்லை.

“நான் பேசியதுதான் இது” என்றார் மண்டிக்காரரிடம். “ஒரு வார்த்தை கூடுதலுமில்லை, குறைவுமில்லை.”

“அப்ப அடுத்த கூட்டத்துலயாவது நம்ம கட்சியப் பத்தி மொதல்ல பேசுங்க சாமி!”

“அப்படிப் பேசினால் அது விளம்பரம். நான் சோப்பு விற்கவில்லை.”

மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு போனார். கடைசிக் கூட்டம் வரை பேராசிரியர் தம் முறையை மாற்றவில்லை. மண்டிக்காரர் சங்கு ஊதாத இடமாகப் பார்த்துக் கூட்டம் போட்டார். அப்படியும் பேராசிரியர் தோற்றார், மோசமாக.

முடிவு வந்த வாரம் அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவில்லை. அவராகவே என்னைப் பிரின்ஸ்பால் அறைக்கு அழைத்துப் போனார். “தனக்கு ஒப்பாத கருத்தையும் திரிக்காமல் சொல்வான். முதல் வருஷத்துக்கு இது போதும்” என்றார். எனக்கு ஒப்பாத கருத்து எது என்று அவர் கேட்கவில்லை. அன்று வரை எனக்கும் தெரியாது.

சாயந்திரம், வேலை கிடைத்ததையும் பேராசிரியர் சொன்னதையும் அப்பாவிடம் சொன்னேன். வெகு நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நல்ல மனுசன்தான்” என்றார் கடைசியில். “ஆனா அடுத்த தபா நின்னாலும் ஓட்டு கெடையாது. அத அவராண்ட நீயே சொல்லிடு. திரிக்காம சொல்லு.”

திங்கட்கிழமை என் முதல் வகுப்பு. அதற்கு முன்னால் சொல்வதா, பின்னால் சொல்வதா என்று யோசித்தபடியே சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.