சத்தமாகச் செய்த ஜெபம்

நான் நர்ஸ். என் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் ஆனையூர்ப் பக்கம் குடிவந்தபோது அங்கே பாதி மனைகளில் கருவேலம்தான் நின்றது. மகள் மூத்தவள், மகன் இளையவன். எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், வார்டில் நோயாளிகளை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதுபோலவே வீட்டிலும் செய்தோம். நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் சைக்கிளை நிறுத்துவார். மகள் சரியாகச் சாப்பிடவில்லை, மகன் முகம் சரியில்லை, என்னவென்று கேளுங்கள் என்று வாசலிலேயே பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நான் பஸ் ஏறுவேன். திரும்பி வந்ததும் அவர் எனக்கு ஒப்படைப்பார்.

பிள்ளைகள் வளர வளர இரண்டு முடிவு எடுத்தோம். தாமாக வந்து உண்மையைச் சொன்னால் அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. இன்னொன்று, ஒருவர் சொன்னதைப் பிள்ளைகள் முன்னால் மற்றவர் மறுத்துப் பேசக்கூடாது. இந்த இரண்டாவது முடிவு எனக்காகவே எடுத்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மகள் பிளஸ் ஒன் படித்தபோது, ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டாள். எங்கள் சபையில் அப்போது சினிமா சின்ன விஷயம் இல்லை. நீ கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கும்போது இயேசு வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று ஞாயிறு பள்ளியிலேயே கேட்பார்கள். மறுநாள் அவளே அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவரும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், ஒரு வார்த்தை ஏசவில்லை. "தானா வந்து சொன்னா, தெரியுமா?" என்று எனக்கு ஒப்படைக்கும்போது அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. முன்அறை நிறையச் சபையார். முடிவு ஜெபம் அவருடையது. ஜெபிக்க ஆரம்பித்தால் அவருக்கு ஊர் உலகம் தெரியாது. மழைக்கு ஜெபித்தார், நோயாளிகளுக்கு ஜெபித்தார், பிறகு குரல் உடைந்து, "பெற்றோரிடம் பொய் சொல்லிவிட்டுச் சினிமாவுக்குப் போன எங்கள் மகளை மன்னியும் ஆண்டவரே" என்றார். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் அக்கா ஒருவர் அரைக்கண்ணைத் திறந்து என் மகளைப் பார்த்தார். என் கண்ணும் திறந்துதான் இருந்தது. மகள் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அதே அக்கா, "என்ன பாப்பா, படம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மகள் எங்களிடம் ஒரு தப்பும் செய்யாத பிள்ளையாகிவிட்டாள். என்ன கேட்டாலும் "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வலியே இல்லை என்று சொல்லும் நோயாளியை எந்த நர்ஸும் நம்ப மாட்டாள். மகனோ மூடி மறைக்காமல் சொன்னான், "அக்கா உண்மையச் சொல்லித்தான மாட்டுனா? நான்லாம் சொல்ல மாட்டேன்."

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள். "அப்பா செஞ்சது சரியாம்மா?"

சரி என்றால் பொய். தப்பு என்றால் அவரை அவள் முன்னால் விட்டுக்கொடுத்ததாகும். "நான் அப்பாகிட்டப் பேசுறேன்" என்றேன். அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

பேரையூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நாங்கள் இருவர் மட்டும் போன அன்று, பஸ்ஸில் வைத்து அந்த ஜெபத்தைப் பற்றிக் கேட்டேன். அதுவரை அடக்கி வைத்திருந்த எனக்கே நான் மாலை போட்டிருக்க வேண்டும்.

"நான் ஆண்டவர்கிட்டதான சொன்னேன்?" என்றார்.

"ஆண்டவருக்கு நல்லாக் காது கேக்கும். எதுக்கு அம்புட்டுச் சத்தம்? ஒரு பேஷண்டைப் பத்தி அடுத்த நர்ஸ்கிட்டச் சொல்லுவேன். வராண்டாவுல நிக்கிற ஆளுகளுக்கெல்லாமா சொல்லுவேன்? அவ உங்களை நம்பிச் சொன்னா. இனி நம்மகிட்ட எதையும் சொல்லுவான்னு நினைக்கிறீங்களா?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாண வீட்டில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. திரும்பி வரும்போது திருமங்கலம் தாண்டியதும், "நான் அவகிட்டப் பேசுறேன். நீ இடையில வராத" என்றார். வரவில்லை. அவர் மகளிடம் பேசியபோது அடுப்படியில் நின்று காதை மட்டும் கொடுத்தேன்.

"நீ என்னைய நம்பிச் சொன்னத நான் ஊருக்குச் சொல்லிட்டேன். தப்புதான். அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாலயும் அதச் சொல்லட்டுமா?"

"அய்யோ, வேணாம்பா. திரும்ப என் சினிமாவத்தான் பேசுவாங்க."

"சரி, பேசல."

அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. மாதக்கணக்கில் அவளிடமிருந்து அதே "ஒண்ணும் இல்ல" தான். அவர் மட்டும் கூட்டங்களில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

அடுத்த வருஷம் மகளுக்குத் திடப்படுத்தல். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்ததும் பேராயர் முன்னால் மண்டியிட்டு, என் விசுவாசத்தை நானே அறிக்கை செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் பிறந்ததிலிருந்தே அந்த நாளுக்காகக் காத்திருந்தவர் அவர். வெள்ளைச் சேலை எடுத்து, ரவிக்கையும் தைத்து வந்துவிட்டது. அந்த வாரத்தில் ஒரு மாலை நானும் அவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் திடப்படுத்தலுக்கு நிக்கலப்பா. விசுவாசிக்கிறேன்னு சொல்லணும்ல. எனக்கு இன்னும் அப்படித் தோணல. சொன்னா பொய்யாயிரும்."

பேசாமல் சொல்லிவிட்டு வா, எல்லாரும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா. ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். குருவானவரிடம், இந்த வருஷம் அவள் நிற்கவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூடவே போன எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். மகளோடு திடப்படுத்தல் வகுப்புக்குப் போன பிள்ளைகளெல்லாம் வெள்ளை உடுத்தி வரிசையாக முன்னால் போனார்கள். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு அக்கா நேராக அவரிடம் வந்தார்.

"என்ன சார், பாப்பா நிக்கல? என்ன விஷயம், சொன்னா ஜெபிப்போம்ல?"

"அது அவ விஷயம்க்கா. அவளத்தான் கேக்கணும்."

அக்கா திரும்பினார். மகள் தலையைக் குனியவில்லை. "எனக்கு இன்னும் விசுவாசம் வரல ஆன்ட்டி. வந்தா நிப்பேன்."

பிள்ளைகள் முன்னால் நடந்தார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, "நம்ம பிள்ள பொய் சொல்லல" என்றார். அது பெருமையா துக்கமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் இருந்தது.