முப்பத்தெட்டுத் தாளிலும் ஒரே விடை

பத்தொன்பது வருடமாக அவர் சரித்திர டீச்சர். எந்தப் போரானாலும் காரணங்கள் ஐந்து, விளைவுகள் நான்கு என்று கரும்பலகையில் எண் போட்டு எழுதுவார்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். இயற்பியல் வாத்தியார் வேலையை விட்டுப் போனதும் அந்த நிம்மதியில் மண் விழுந்தது.

"வேற ஆள் வர்ற வரைக்கும் பதினொண்ணாம் வகுப்பை நீங்க பாத்துக்குங்கம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"சார், நான் இயற்பியலை எப்பவோ தலைமுழுகினவ."

"புத்தகம்தான் இருக்கே. படிச்சுட்டுப் போய்ச் சொல்லுங்க."

யாரும் எதையும் நடத்தலாம் என்று மேலிடமே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அடுப்படியில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தார். "பரீட்சை உனக்கா, பிள்ளைங்களுக்கா?" என்று கணவர் சீண்டினார். எரிச்சலாக வந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதைவிடக் கேவலம் உண்டா? ஆனாலும் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நடத்தினார்: எண் போட்டு, வரிவரியாக, மனப்பாடமாக.

ஆண்டுத் தேர்வுத் தாள்களை வெளியே எங்கோ திருத்தினார்கள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரு கேள்விக்கு ஒரே தப்பான விடையை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். கூட்டாகக் காப்பி அடித்ததாகச் சொல்லி மொத்த வகுப்பின் முடிவையும் நிறுத்திவைத்தார்கள். முடிவு வராவிட்டால் ஒருவருக்கும் மேல்வகுப்பு கிடையாது.

தலைமையாசிரியரோடு டீச்சரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு தாளை எடுத்து வாசித்தார்: "மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. ஆகவே அங்கே அதன் வேகமும் பூஜ்ஜியம், முடுக்கமும் பூஜ்ஜியம்."

"இதுல என்ன தப்பு?" என்றார் டீச்சர்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உச்சிக்குப் போனதும் புவியீர்ப்பு லீவு போட்டுடுமாம்மா? அப்புறம் பந்து எப்படிக் கீழ வரும்?"

டீச்சருக்கு முகம் செத்துப்போனது. "புத்தகத்துல அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க" என்று தலைமையாசிரியர் அவர் காதில் ஓதினார். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பிள்ளைங்க காப்பி அடிக்கல சார். அது என்னோட நோட்ஸ். நான்தான் தப்பா சொல்லிக்குடுத்தேன்."

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"முடிவை விட்டுடறோம். ஆனா இந்தக் கேள்விக்கு மார்க் வராது" என்ற அதிகாரி, கடைசியாக ஒரு பெண்ணின் தாளை டீச்சர் பக்கம் தள்ளினார். சரியான விடை முழுதாக இருந்தது. அதை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, கீழே டீச்சரின் வரிகளை எழுதியிருந்தாள்.

மறுநாள் டீச்சர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தீங்களே டீச்சர்" என்றாள் அவள். "அதான் எனக்குத்தான் தப்பா வருதுன்னு நினைச்சேன்."