செவ்வாய்க்கிழமை யாருடைய பாடு

என் அப்பாவைத் திருடன் ஆக்கியது நீங்கள்தான். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு பெர்சனல் பிராண்டிங் சொல்லித் தருகிறேன் என்று ஆன்லைனில் வகுப்பு நடத்தும் நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

உங்கள் வகுப்பில் நான் சேர்ந்தபோது, எங்கள் பிராஜெக்ட் முடியப் போகிறது என்று கம்பெனியில் பேச்சு. வேறு வேலை தேட வேண்டும். பழவேற்காட்டுக் குப்பத்தில் வீட்டிலிருந்து கோட் எழுதுகிற என்னை யாருக்குத் தெரியும்? நானாக ஒரு பதிவு போட்டிருந்தேன். நாற்பது விநாடி இழுத்த ஒரு டேட்டாபேஸ் தேடலை, இண்டெக்ஸ் போட்டு ஒரு விநாடிக்குக் கொண்டுவந்ததைப் பற்றி. நான்கு லைக் வந்தது. அதில் ஒன்று நானே போட்டது.

"கோட் எல்லாம் விடுங்க சிஸ்டர், ஸ்டோரி குடுங்க," என்றீர்கள். வீட்டுப் படம் கேட்டீர்கள். தை மாதம் அப்பா இறால் கூடையோடு கரையேறும்போது நான் எடுத்த படத்தை அனுப்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் கணக்கில் நீங்கள் எழுதிய பதிவு வந்தது, இங்கிலீஷில். இன்று காலை என் அப்பா வெறுங்காலோடு ஏரியில் இறங்கி இறால் பிடித்து வந்தார், நான் லேப்டாப்பைத் திறந்தேன் என்று. ஏரிக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யார் இறங்குகிறார்கள்? போடும் முன் என்னிடம் காட்டினீர்கள். 'இன்று காலை' என்பதையும் பார்த்தேன். இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று சரி சொல்லிவிட்டேன். அது என் தப்பு. மீதி யார் தப்பு என்று இன்றுவரை விளங்கவில்லை.

லைக் குவிந்தது. இரண்டு கம்பெனிகளிலிருந்து மெசேஜ் வந்தது. இண்டெக்ஸ் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பாவுக்கு இப்போதாவது செருப்பு வாங்கித் தந்தீர்களா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். அந்தப் பதிவில் 'நான்' என்று பேசிக்கொண்டிருந்தவள் யார் என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

மறுநாள் பக்கத்துத் தெரு மாமா போனோடு வந்து நின்றார்.

"இன்னா மச்சான், செவ்வாக்கெழம யார் பாடு?" என்று அப்பாவைக் கேட்டார்.

ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை எங்கள் ஊரில் முறை போட்டுப் பிரித்திருக்கிறோம். அந்த முறைதான் பாடு. ஒருவருடைய பாடு வரும் நாளில் அந்த இடத்தில் இன்னொருவர் வலை கட்டினால் அது திருட்டு. ஊர்க் கூட்டம் கூடி, அடுத்த சுற்றில் அவருக்குப் பாடு இல்லை என்று சொல்லிவிடும். இறால் காலத்தில் பாடு போனால் அப்பாவுக்கு வேறு தொழில் இல்லை.

"உன் பாடுதான். அதுக்கு இன்னா?" என்றார் அப்பா.

"எனக்கு ஒரு கைப்பிடி எறா வுழல. உன் பொண்ணு போட்டுக்கீறா, நீ அன்னிக்கி காலைல கூடை நெறைய அள்ளிக்கினு வந்தியாம். துபாய்லேர்ந்து என் புள்ள படிச்சு சொல்றான்."

"மாமா, அது தை மாசத்துப் படம்," என்றேன்.

"படம் பழசும்மா. எழுத்து?"

அவர் போன பிறகு அப்பா என்னைப் பார்த்தார்.

"நீயா எழுதுன?"

"இல்ல நைனா. என் பேர்ல வேற ஒருத்தர் எழுதுனாரு."

"உன் பேர்ல அவன் எப்டி எழுதுவான்? கூலி குடுத்தானா?"

"நான்தான் அவருக்கு ஃபீஸ் கட்டுனேன்."

"காசு குடுத்து என்னியத் திருடன்னு எழுத வச்சியா?"

பயந்துபோய் பதிவை அழித்தேன். அது இன்னும் மோசமாகப் போனது. தப்பு இல்லையென்றால் ஏன் அழித்தாள் என்று ஊர் கேட்டது. உங்களுக்குப் போன் செய்தேன். "அழிச்சிட்டீங்களா? ரீச் ஏறிட்டு இருந்துச்சே! ஊரே எங்கப்பாவுக்கு எதிரா நிக்குதுன்னு அடுத்த போஸ்ட் போடுவோம், செம கன்டென்ட்," என்றீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் நானும் யோசித்தேன். எனக்கும் வேலை வேண்டுமே. அப்புறம்தான் போனை வைத்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அங்கே பெண்கள் பேசுவதில்லை. அப்பாதான் போய் நிற்க வேண்டும். ஊர்த் தலைவர் ஒன்று சொல்லியிருக்கிறார்: "எழுதுனவன் எல்லாரும் பாக்குற எடத்துல எழுதுனான்ல? அங்கியே வந்து சொல்லட்டும், பாத்துக்கலாம்."

'என் மாணவியின் வெற்றி' என்று அந்தப் பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை உங்கள் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம். ஃபீஸையும் திருப்பித் தர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் கீழேயே, தமிழில், உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள்: தை மாதத்துப் படத்துக்கு 'இன்று காலை' என்று எழுதியது யார்?