நின்றுகொண்டே தூங்கிய தூ மன்சாங்

என் அக்கா யுன்மெய்யின் கணவர் தூ மன்சாங், லுவோயாங்கில் ஓர் உர ஆலையில் இரவுக் காவலாளியாக இருந்தார். காவல் காத்தார் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். இருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம்.

அந்த ஆலையில் ஒரு மேற்பார்வையாளர் சைக்கிளில் சுற்றி வருவார். உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் சம்பளத்தில் கை வைப்பார். நிற்பவனை ஒன்றும் சொல்ல மாட்டார். ஆகவே அத்தான் நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டார். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, தாடையை உள்ளே இழுத்துக்கொண்டு, பஞ்சுக் கோட்டின் பைகளில் கைகளைத் தொங்கவிட்டால் போதும். உலகம் அணைந்துவிடும். டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டால் வாய் மட்டும் தானாகத் திறந்து, "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டி, 'கடமை தவறாத ஊழியர்' என்று ஒரு சிவப்புப் பட்டயமும் வாங்கி வந்தார். அக்கா அதைக் கழிவறைக் கதவுக்கு எதிரே மாட்டி வைத்திருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் சிக்கல். ராத்திரியானால் மனிதருக்குக் கண் மூடாது. பாத்திரம் தேய்ப்பார், கத்தி தீட்டுவார், ஜன்னலைத் திறந்து தெருவைக் காவல் காப்பார். பகலில் மாட்டிறைச்சி சூப் கிண்ணத்தை முன்னால் வைத்தால் அதற்குள்ளேயே மூக்கை விட்டுத் தூங்குவார். பொறுக்க முடியாமல் அக்கா அவரை நாங்கள் போகும் தாய்ச்சிக் குழுவுக்கு இழுத்து வந்தாள். லுவோ ஆற்றங்கரையில் காலையில் கூடி, மெதுவாகக் கைகால் அசைத்து உடற்பயிற்சி செய்யும் குழு அது. உடம்பு அலுத்தால் ராத்திரி தூங்குவார் என்று அவள் கணக்கு.

குழுவின் தலைவி பியன் அம்மா. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எதையும் அந்தக் குரலில்தான் சொல்வார். "கவனிக்கவும், இடது கால் இப்போது முன்னே செல்கிறது" என்பார். நமக்கும் கால் தானாகக் கிளம்பிவிடும்.

அத்தானின் கால் மட்டும் கிளம்பாது. எல்லாரும் இடப்பக்கம் திரும்பினால் இவர் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் கடைசியில் 'மரம்போல் நிற்பது' என்று ஒரு பயிற்சி உண்டு. பெரிய பானை ஒன்றைக் கட்டிப் பிடித்ததுபோல் கைகளை வளைத்து, அசையாமல் நிற்க வேண்டும். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்களுக்கெல்லாம் தொடை நடுங்கும். அவர் கோயில் தூண்போல நிற்பார்.

"பாருடா, உன் அத்தான் தூங்குறாரு" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"தெரியும்க்கா. வாய மூடு. பியன் அம்மாவுக்குத் தெரிஞ்சா நம்ம மூணு பேரையும் சேர்த்து வெளிய அனுப்பிருவாங்க."

போன இலையுதிர் காலத்தில் குழுவோடு ஒரு பயணம் போனோம். முதலில் மஞ்சள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சென்ஜியாகோவ், தாய்ச்சி பிறந்த கிராமம். பிறகு வூதாங் மலை. கடைசியில் ஹாங்சோ ஏரி. எங்கே போனாலும் காலையில் பயிற்சி, மிச்ச நேரம் சாப்பாடு.

சென்ஜியாகோவில் எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர் குள்ளமான மனிதர். கை மட்டும் முறம் மாதிரி. செங்கல் பாவிய முற்றத்தில் எங்களை நிற்க வைத்தார். நேரம் போகப் போக ஒவ்வொருவராகத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தான் நின்றார். ஆசிரியர் அவரைச் சுற்றி வந்தார். தோளை அழுத்திப் பார்த்தார். இடுப்பைத் தட்டிப் பார்த்தார். எங்கும் இறுக்கமே இல்லை.

"ஐயா, உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?"

அத்தானின் கண் திறக்கவில்லை. வாய் திறந்தது. "எல்லாம் சரி."

ஆசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? இத்தன வருஷமா நான் தொண்டத் தண்ணி வத்தச் சொல்றத இவரு ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டாரு."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, அத்தானிடமிருந்து ஒரு குறட்டை கிளம்பியது. சின்னக் குறட்டை இல்லை. மரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஆரம்பித்து, விசிலாகப் போய் முடிந்தது. முற்றத்தில் சலசலப்பு கிளம்பியது. அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

அப்போதுதான் கெங் எழுந்து நின்றார். கெங் எங்கள் குழுவில் பல் வைத்தியர். வாழ்நாள் பூராவும் ஊர்க்காரர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவர் என்பதால், வாய் சம்பந்தப்பட்ட எதிலும் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு.

"சத்தம் போடாதீங்க" என்று கையை உயர்த்தினார். "இது அடிவயித்து மூச்சு. கீழேர்ந்து மேல ஏறி, தொண்டைல சுத்தி வெளிய வருது. கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல கேக்குறேன்."

ஆசிரியர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் அத்தான் மாஸ்டர் ஆகிவிட்டார். கெங் தன் கையால் அவருக்கு நூடுல்ஸில் பூண்டு உரித்துப் போட்டார். வூதாங் போகும் ரயிலில் கீழ்ப் படுக்கை அவருக்கு. சூரியகாந்தி விதை, வேர்க்கடலை, மசாலா போட்ட கோழிக்கால் எல்லாம் அவர் மடியில் வந்து விழுந்தன. கெங் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டார்:

"மாஸ்டர், அந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது?"

"மூக்குலேர்ந்து."

"மூக்குலேர்ந்து!" கெங் கண்ணை மூடி அதை மென்று பார்த்தார்.

அத்தானுக்கு ருசி கண்டுவிட்டது. கோழிக்காலைச் சப்பிக்கொண்டே, "நிக்கிறவன் தான் நிக்கிறதையே மறந்துடணும்" என்று ஒரு போடு போட்டார்.

"மறந்தா விழுந்து பல்லு போகும், கெழவா" என்றாள் அக்கா மேல் படுக்கையிலிருந்து. "அதுக்கும் இவருதான் வைத்தியம் பாக்கணும்."

"அண்ணி, நீங்க கூடவே இருக்கறதால உங்களுக்கு அருமை தெரியல" என்றார் கெங், உண்மையான வருத்தத்தோடு. அக்கா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். போர்வை ரொம்ப நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

வூதாங்கில் பனி முற்றத்துக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தது. அங்கே சியானிலிருந்து வந்த இன்னொரு குழுவும் தங்கியிருந்தது. கெங் சாயங்காலமே போய் அவர்களிடம் சொல்லி வைத்துவிட்டார். காலையில் அத்தான் கைகளை வளைத்து நின்றதும், அவரைச் சுற்றி ஒரு வட்டம் கூடியது. பாதிப் பேர் கையில் போன். பாதிப் பேர் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

அத்தனை பேர் பார்த்தால் யாருக்குத் தூக்கம் வரும்? அத்தான் தாடையை உள்ளே இழுத்தார், முழங்காலைத் தளர்த்தினார், வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அந்தப் பயிற்சியை விழித்துக்கொண்டு செய்தார். தொடை எரிந்தது. தோள் கனத்தது. மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து சாவகாசமாகக் கையைத் தேய்த்தது. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கியது. "உள்ள சூடு ஏறுது பாருங்க" என்று கெங் சியான்காரர்களுக்கு விளக்கினார்.

பியன் அம்மா மெதுவாக நடந்து வந்து அத்தானின் காதருகில் நின்றார். நான் பக்கத்திலேயே இருந்ததால் எனக்கும் கேட்டது.

"தூ அண்ணே, இன்னிக்குத்தான் முழிச்சிருக்கீங்க போல."

அத்தானின் கண் பெரிதாகத் திறந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஸ்டேஷன்ல இருந்தவ நான். மூட்டை மேல தூங்குறவன், தூண்ல சாஞ்சு தூங்குறவன், டிக்கெட் வரிசைல நின்னுக்கிட்டே தூங்குறவன், எல்லாரையும் பாத்தாச்சு. முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்களப் பாத்துத்தான் இவங்க ஒழுங்கா நிக்கிறாங்க. முன்னெல்லாம் பாதி பேரு டீ குடிக்க ஓடிருவாங்க. கையைக் கீழ போடாதீங்க. நாளைக்கும் முன் வரிசைல நீங்கதான்."

"செத்துருவேன்மா."

"சாக மாட்டீங்க. நின்னு பழகினவரு."

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அத்தானால் தாங்க முடியவில்லை. சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு ஒரு எழவும் தெரியாது. நான் தூங்குனேன். அவ்வளவுதான். அது குறட்டை."

மேசையில் எல்லாரும் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்கள். பிறகு கெங் கண் கலங்கக் கைதட்டினார். "என்ன அடக்கம் பாத்தீங்களா!"

சியானிலிருந்து வந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம், "தூக்கமும் முழிப்பும் அவருக்கு ஒண்ணாயிருச்சாம்" என்று மெல்ல விளக்கினாள். என் அக்காவுக்குச் சிரிப்பில் டோஃபு மூக்கில் ஏறி, நான்தான் முதுகில் தட்டினேன்.

வூதாங்கில் இருந்த மிச்ச நாளெல்லாம் அத்தான் முன் வரிசையில் நின்றார், விழித்துக்கொண்டே. படிக்கட்டில் இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பியன் அம்மாவையும், கெங்கின் பரம்பரையையும், தாய்ச்சியைக் கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டினார். நடுவில் ஒரு தடவை நின்று, "டேய், அந்தச் சுவரோரம் இருக்கற மரத்துல காலைல வெயில் முதல்ல உச்சியில படாது, நடுவுல படுது. கவனிச்சியா?" என்றார். நான் கவனிக்கவில்லை. "ஆலையில விடிஞ்சா வீட்டுக்கு ஓடத்தான் பாப்போம்" என்றார். உடனே திட்டுவதைத் தொடர்ந்தார்.

ஹாங்சோவுக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஏரிக்கரையில் எல்லாரும் கூடியாகிவிட்டது. மாஸ்டரைக் காணோம். நான் தேடிப் போனேன். விடுதித் தாழ்வாரத்தில் அறைக் கதவுக்கு முன்னால் அக்கா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா? உடம்பு சரியில்லையா?"

"ஷ்ஷ்." அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "தூங்குறாரு. படுத்துத் தூங்குறாருடா. நேத்து சாப்பிட்டு வந்து விழுந்தவரு இன்னும் எந்திரிக்கல. ரெண்டு தடவ மூக்குல கைய வெச்சுப் பாத்தேன்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கட்டில்ல இந்த மனுஷன் இவ்வளவு நேரம் படுத்து நான் பாத்ததே இல்ல."

அதற்குள் கெங் ஐந்தாறு பேரோடு வந்துவிட்டார். அத்தனை நாளாக அத்தானின் வண்டவாளத்தை ஊருக்குச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தவள் என் அக்கா. இப்போது கதவு திறந்தாலே போதும், எல்லாம் வெளிச்சமாகிவிடும். அவள் எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"மாஸ்டர் உள்ள பயிற்சில இருக்காரு."

"அறைக்குள்ளயா?"

"இன்னிக்குப் படுத்த நிலை. ரொம்பக் கஷ்டமானது. நடுவுல யாராவது கூப்பிட்டா நரம்பு முறுக்கிக்கும். போங்க, போங்க."

கதவின் வழியாகக் குறட்டை கேட்டது. கெங் காதை வைத்துக் கேட்டார். "இது வேற ரகம்" என்று கிசுகிசுத்தார். "அதுல அவசரம் இருந்தது. இதுல இல்ல."

கடைசியில் பியன் அம்மாவும் வந்தார். கதவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் தூக்கிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். பியன் அம்மா தொண்டையைச் செருமி, தன் பழைய குரலைப் பாதியாகக் குறைத்து அறிவித்தார்:

"கவனிக்கவும். இந்த நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி இன்று தாமதமாக வரும். பயணிகள் ஏரிக்கரைக்குச் செல்லவும்."

எல்லாரும் ஓசைப்படாமல் நடந்து போனோம்.

அத்தான் மதியம்தான் எழுந்து வந்தார், கன்னத்தில் தலையணை மடிப்போடு. "ரயிலு போயிருச்சா?" என்றார். பிறகு புளிப்புக் குழம்பு ஊற்றிய ஏரி மீன் ஒன்றை முழுசாக, யாருக்கும் கொடுக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டதும் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு படகில் ஏறினார். எங்களை யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். படகு நடு ஏரிக்குப் போவதற்குள் அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அத்தான் படகுக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவது தெரிந்தது.

கெங் கண்ணுக்குமேல் கையை வைத்துக் கூர்ந்து பார்த்தார். "அண்ணிக்கும் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்றார்.

நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது அத்தானுக்கு எழுபத்து மூன்று. மழை பெய்தாலும் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார். இன்னும் இடது வலது பிடிபடவில்லை. பியன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். அடுத்த வசந்தத்தில் எங்கே போகலாம் என்று குழுவில் சண்டை நடக்கிறது. கெங் திரும்பவும் மலைக்குப் போகலாம் என்கிறார். அத்தான், படிக்கட்டே இல்லாத ஊர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன் என்கிறார்.