அண்ணையின் இங்கிலீசுக் கழகம்

அண்ணை இங்கிலாந்தைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அந்த நாட்டின் வடக்கே, ஏதோ ஒரு பஞ்சாலை ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிப் பேச வாய் திறந்தால் 'நாங்கள்' என்றுதான் தொடங்குவார். "நாங்கள் அந்த வருசம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப் போனம் தம்பி" என்று அவர் பெருமூச்சு விடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரப்பா இந்த நாங்கள்? மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். இப்போது பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு அகதி விடுதியில், யாரோ கொடுத்த குளிர் ஜாக்கெட்டோடு என் பக்கத்துக் கட்டிலில் குந்திக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு நாங்கள்!

எல்லாம் பள்ளிக்கூட நூலகத்தில் கிடந்த, பூச்சி அரித்த ஒரு பழைய புத்தகத்தில் படித்ததாம். பனிக்காலத்தில் கிரிக்கெட் இல்லாமல் பெடியன்கள் குடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பாதிரியார் தொடங்கிவைத்த கழகம். முதல் சட்டை ஆலையில் மிஞ்சிய துணியில் தைத்தது. பிறகு முதலில் ஆடிய துரைமார் விலக, ஆலைத் தொழிலாளர் விளையாட வந்தார்கள். கோப்பையின் கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றார்கள். நூறு வருடத்துக் கதையில் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். தோற்கும் கூட்டத்தை இவ்வளவு தூரத்திலிருந்து தேடிப் பிடிக்கவும் ஒரு மூளை வேண்டும். சனி பின்னேரங்களில் ஒரு சின்ன ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டு ஆட்ட முடிவுக்குக் காத்திருப்பார். ஊரிலும் அப்படித்தானாம். நான் வேண்டுமென்றே வாளியை உருட்டுவேன்.

மைதானத்தின் மரக் கொட்டகை ஒருமுறை எரிந்ததை அவர் அரைமணி நேரம் சொல்வார். நெருப்பு எந்தப் பக்கம் பிடித்தது, கதிரைகளை யார் யார் இழுத்தெடுத்தார்கள், எல்லாம். கண் கலங்கும். அவருடைய கடையையும் ஊரில் ஆமிக்காரர் எரித்ததுதான். அதைக் கேட்டால், "ஓம், எரிஞ்சு போச்சு" என்பார். அவ்வளவுதான்.

இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அகதி விசாரணைக்கு எப்படிப் போவது? மனைவியும் இரண்டு மகள்மாரும் ஊரில். இவருக்கு அங்கீகாரம் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விசாரணையில் கேட்பது திகதிகளைத்தான். இவரோ தன் மச்சானை ஆமி பிடித்துக்கொண்டு போனதை ஒருநாள் கடை எரிய முன் என்பார், மறுநாள் எரிந்த பின் என்பார். நான்தான் ஒரு மாதம் இருத்தி வைத்து, ஏசி ஏசி, ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். அன்றைக்கு உங்கள் கழகம் யாரோடு விளையாடியது என்று கேட்டால் திகதி சரியாக வந்து விழும். அப்படியே முழுக் கதையையும் ஒழுங்குபடுத்தி அவருக்குப் பாடமாக்கினேன். எனக்கும் பாடமாகிவிட்டது.

விசாரணை எனக்குத்தான் முதலில் வந்தது. எனக்கு ஊரில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிவளைப்பில் ஒருமுறை பிடித்தார்கள், அன்றே விட்டார்கள். என் கதை இரண்டு வசனத்தில் முடிந்தது. அதிகாரி என்னைப் பார்த்தபடி இருந்தார். மொழிபெயர்ப்பாளர் இருமினார். "எங்கட சைக்கிள் கடையை எரிச்சவங்கள்" என்றேன். பிறகு நிறுத்தவில்லை. மச்சான், கடை, திகதி, கிழமை, ஒன்றும் பிசகவில்லை.

அவருடைய விசாரணை அடுத்த மாதம். இடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அங்கீகாரம் வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்தார். ஆட்டிறைச்சி வாங்கி வந்து சமைத்தார். அந்தச் சாப்பாட்டிலும் கழகத்தின் கதைதான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அவருடைய கடிதம் வந்ததும் என்னிடம்தான் கொண்டுவந்தார். ஜெர்மன் ஓரளவு வாசிக்க அந்த அறையில் என்னை விட்டால் ஆளில்லை. அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதே விடுதியிலுள்ள இன்னொருவர் இதே சம்பவங்களை இதே திகதிகளோடு ஏற்கனவே கூறியிருப்பதால், இது பாடமாக்கிய கதை என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

"என்னவாம் தம்பி?"

"ஏலாதாம் அண்ணை. நீங்கள் திகதியளை மாறிச் சொல்லிப்போட்டியளாம்."

கடிதத்தை வாங்கி மடித்தார். "என்ரை பிழைதான்" என்றார். "எனக்கெண்டு ஒரு திகதியும் நிக்கிறேல்லை."

இவ்வளவு லேசாக நம்புகிறாரே என்று அப்போதும் அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. அதைச் செய்தால் ஒரு வக்கீலாவது அந்தக் கடிதத்தை வாசிப்பார். நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"மனுசிக்கு என்னெண்டு எழுதுறது?" என்றார். "நீரே எழுதித் தாரும் தம்பி. உமக்குத்தான் எல்லாம் ஒழுங்காச் சொல்ல வரும்."

எழுதிக் கொடுத்தேன். அண்ணை திகதிகளை மாற்றிச் சொல்லிவிட்டார் என்று அவர் மனைவிக்கும் எழுதினேன்.