அப்பாவோடு கப்பலில் வந்த இரண்டாம் பாகம்

நாங்கள் தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் இன்டர்நெட் பெயருக்குத்தான் இருந்தது. ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வடித்துக் குழம்பும் வைத்துவிடலாம். ஆகவே மெயின்லேண்டுக்கு யார் போனாலும் அவர் பையில் ஒரு ஹார்டு டிஸ்க் போகும். வயிறு முட்டப் படங்களோடு திரும்பி வந்து, பிறகு வீடு வீடாக விருந்துக்குப் போகும். அந்த வருஷம் அப்பாவின் முறை. அத்தை வீட்டு கிரகப்பிரவேசத்துக்காக அவர் மட்டும் சென்னை போயிருந்தார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பல மாடி உயரமுள்ள ரோபோக்கள் ஊரைத் தூக்கிப் போட்டு உடைக்கிற படம். முதல் பாகத்தின் கடைசியில், கடலுக்கடியில் கிடக்கும் ஒரு ரோபோ கண்ணைத் திறக்கும். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமலேயே நான் நான்காம் வகுப்பு முழுவதையும் கழித்திருந்தேன். இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாடி வீட்டுப் பெங்காலி ஆன்ட்டிக்கு ஒரு மகன். அண்ணன் என்கிற அர்த்தத்தில் பையா என்று கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறவன் என்பதால் அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் எங்களுக்குச் சட்டம். ஏர்போர்ட்டில் பையை நுழைத்து எடுக்கிறார்களே, அந்த மெஷின் ஹார்டு டிஸ்கில் இருக்கும் படத்தையெல்லாம் துடைத்துவிடும் என்று அவன் சொன்னான். நான் அன்றே அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். அவர் திரும்பி வர இன்னும் டிக்கெட் எடுத்திருக்கவில்லை.

"சரி விடு, அழாத. ஜஹாஸ்லயே வந்துர்றேன். எனக்கும் கப்பல்தான் புடிக்கும்" என்றார் அப்பா.

கப்பல் சென்னையை விட்ட மறுநாள் கடலில் புயல் பிடித்துக்கொண்டது. நடுக்கடலில் போன் எடுக்காது என்பது தீவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் வரவேண்டிய நாளில் கப்பல் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கேட்டால், லேட்டாகும் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா சமைத்தாள், எனக்குப் போட்டாள், தான் மட்டும் சாப்பிடவில்லை. ஆன்ட்டி கிண்ணத்தில் மீன் குழம்போடு இறங்கி வந்து, "பாபி, டென்ஷன் மத் லோ. ஜஹாஸ் ஆ ஜாயேகா" என்றாள். கவலைப்படாதே அண்ணி, கப்பல் வந்துவிடும் என்கிற அதே வார்த்தையை அவள் அடுத்த வேளையும் வந்து சொன்னாள்.

எனக்கும் கவலை இருந்தது. "ஹார்டு டிஸ்க்ல தண்ணி பட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். அம்மா ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு காலையில் கப்பல் வந்துவிட்டது என்று சேதி வந்தது. அம்மா வீட்டைப் பூட்டாமலே என்னை இழுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். அப்பா தாடியும் கசங்கிய சட்டையுமாக இறங்கி வந்தார். கப்பல் துறையில் நிற்கும்போதும் அவர் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அவர் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வழியில் அப்பா ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னுருச்சு. அந்தச் சத்தம் நின்னதும் ஜஹாஸ் பூரா ஒரே அழுகை."

ஹார்டு டிஸ்க் அவருடைய டிபன் டப்பாவுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாவும் வந்துவிட்டார், படமும் வந்துவிட்டது.

அப்பா குளித்து, ரசம் சோறு சாப்பிட்டு, ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். கண்ணை மூடுவார், உடனே தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவார். நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. டிவியில் டிஸ்கை மாட்டிப் படத்தைப் போட்டேன்.

அவ்வளவு மோசமான படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கடலுக்கடியில் கண் திறந்த ரோபோவை எல்லோரும் சேர்ந்து மறந்தே போயிருந்தார்கள். கதை என்று ஒன்று கிடையாது. இரும்பு இரும்போடு மோதும், கட்டடம் சரியும், மறுபடியும் மோதும். கொல்லன் பட்டறையில் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு காது வலித்திருக்காது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினால், அப்பா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

படத்தில் ஒரு ரோபோ செத்து விழுந்தது. கதாநாயகன் சத்தமில்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். உடனே அப்பா பதறி எழுந்தார். "நின்னுருச்சா?"

"இல்லங்க, வீட்லதான் இருக்கீங்க. படுங்க" என்று அம்மா அவர் நெஞ்சில் கை வைத்துப் படுக்கவைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சத்தத்தக் கூட்டு" என்றாள். எப்போதும் குறைக்கச் சொல்கிறவள். சண்டை மறுபடி தொடங்கியது. குறட்டையும் தொடங்கியது.

ஒருவழியாகப் படம் முடிந்தது. டிவியை அணைக்க எழுந்தேன்.

"அணைக்காத. திரும்ப மொதல்லேருந்து போடு."

"அம்மா, படம் நல்லாவே இல்ல."

"ரொம்ப நல்லா இருக்கு. போடு."

போட்டேன். அம்மா தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊர் இடிவதைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டாள். அவள் முகம் சிரித்தாற்போல இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வழிந்தது. இத்தனைக்கும் அந்த ரோபோ அப்போது செத்திருக்கக்கூட இல்லை.

எங்கள் அம்மாவுக்கு சினிமா பார்க்கவே தெரியாது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.