துரைக்கு ஏற்றிய சூடு

வேகிற கொள்ளில் வெல்லத்தைத் தட்டிப் போட்டால் ஒரு வாசனை கிளம்பும். மற்றவர்களுக்கு அது பலகார வாசனை. எனக்கு மட்டும் இன்றைக்கும் அது பயத்தின் வாசனை. ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோல் மண்டி இருந்தது. உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோலின் நாற்றத்தில்தான் நாங்கள் எழுந்தோம், சாப்பிட்டோம், பாடம் படித்தோம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தினால் எதற்குப் பொத்துகிறார்கள் என்று எங்களுக்குப் புரியாது. அந்த நாற்றத்தையும் மீறிக்கொண்டு, நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மார்கழிக் கடைசியில் எங்கள் கொல்லையில் கொள்ளும் வெல்லமும் மணத்தன. அது மனிதர்களுக்கான சமையல் இல்லை. எங்கள் குதிரைக்குச் 'சூடு ஏற்ற' நடந்த சமையல்.

குதிரையின் பெயர் துரை. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. மண்டியிலிருந்து பச்சைத் தோல் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு, நாங்கள் 'ஷாப்பு' என்று சொல்லும் தோல் பதனிடும் இடங்களுக்குப் போவது அதன் வேலை. நடக்கும், ஓடாது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றாலும் காதைக்கூட ஆட்டாது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முகம் சுளிக்காது, எவ்வளவு அதட்டினாலும் நடையை மாற்றாது. வெள்ளைக்காரத் துரை மாதிரி நடக்கிறான் என்று யாரோ சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அதன் வயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போவேன். நான் கடக்கும்வரை காலை அசைக்காமல் நிற்கும்.

வண்டியும் குதிரையும் என் நைனாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கும் பொது. பொது என்பது பெயருக்குத்தான். வண்டி ஓட்டுவதும் லத்தி அள்ளுவதும் நைனா, தீனி வைப்பது அம்மா, முடிவு செய்வது பெரியப்பா. அம்மா அவர் எதிரில் உட்கார மாட்டாள், நேராக நின்று பேசவும் மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று என்னை விட்டுச் சொல்லச் சொல்வாள்.

எங்கள் பக்கம் பொங்கல் என்றால், எருதுகளைத் தெருவில் அவிழ்த்து ஓடவிடுகிற 'எருது விடுதல்'தான் பெரிய விழா. பக்கத்துக் கிராமத்தில் அதற்கு முன்னால் அதே தெருவில் குதிரை வண்டிப் பந்தயமும் நடத்துவார்கள். சூடு ஏற்றியதற்கு முந்தைய வருஷம் பெரியப்பா துரையைப் பூட்டிக்கொண்டு போனார். பாதித் தூரத்தில் துரை ஓரமாக ஒதுங்கி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தோளிலிருந்த கரும்பை இழுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா சாட்டையால் அடிக்கிறார், துரை மெல்லுகிறது. ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"இன்னா பெரியவரே, துரை டிபன் முடிச்சிட்டாரா?"

"அவசரப்படாதப்பா, கரும்பு துன்னுட்டு வர்றாரு."

வருஷம் முழுவதும் இதையே கேட்டுக் கேட்டு அவருக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "இந்த வாட்டி ஓடலைன்னா குதிரைய சந்தையில வித்துர்றேன். எவன் கேட்டாலும் குடுத்துருவேன்."

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வண்டி போனால் அவருக்கு ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இறங்குவதுதான் வேலை. குழியில் நின்று கால் வெந்துபோன ஆட்களை நாங்கள் தெருவில் தினம் பார்த்தவர்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அதன்பின் தெருவில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். முடிவெட்டுகிறவர் முட்டை கொடு என்றார். டீக்கடைக்காரர் நெய் கொடு என்றார். பக்கத்து வீட்டுக் காதர் பாயும் வண்டி வைத்திருந்தவர், அதே பந்தயத்தில் ஓட்டப் போகிறவர். அவரே ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு வந்தார். "துன்ன வையி. தூங்குற குதிரைய ஜெயிச்சா என்னை எவன் மதிப்பான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதுவரை துரைக்குத் தீனி என்றால் வேகவைத்த கொள்ளு, தவிடு, ஒரு கை உப்பு, அப்புறம் புல். இப்போது கொள்ளு இரண்டு பங்கானது. ஊறவைத்த கொண்டைக்கடலை, வெல்லம், நெய்யில் பிசைந்த பேரீச்சம்பழம், அதன் மேல் முட்டை. முட்டையை உடைத்து ஊற்றும்போதெல்லாம் அம்மா என் காதுக்கு மட்டும் கேட்கும்படி முனகுவாள்: "பெத்த புள்ளைங்களுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை. இவுருக்கு வேளைக்கு ஒண்ணு." விற்றுவிடப் போகிறார்களே என்கிற பயத்தில், அம்மா போடுவதற்கு மேல் நான் இன்னும் ஒரு கை வெல்லம் போடுவேன்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரியப்பா லோடு அடிப்பதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். "பலமெல்லாம் வண்டியில போயிடுது. நிக்க வெச்சாத்தான் உடம்புல தங்கும்" என்றார். துரையைக் கொட்டகையில் கட்டினார்கள். நைனா மண்டிக்குப் போய் உப்பு மூட்டை தூக்கினார்.

வண்டிக்காரர் வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை நாள், ஷாப்பு லீவு. லோடு இல்லாததால் அன்றைக்குக் குதிரைக்கும் 'அரைத் தீனி'. பாதிக் கொள்ளு, மீதிக்குப் புல். இதில் பெரிய ஞானம் இருந்ததாகக் கதை கட்டமாட்டேன். சம்பாதிக்காத நாளில் எதற்கு முழுத் தீனி என்கிற கஞ்சத்தனம்தான். அம்மாவும் கொள்ளு மிச்சமாகட்டும் என்றுதான் அதைச் செய்துவந்தாள். அந்த வெள்ளிக்கிழமையும் கைப்பழக்கத்தில் பாதிதான் வைத்தாள். பெரியப்பா வாளியை எட்டிப் பார்த்தார்.

"வாயில்லா ஜீவன் வயித்துலயா மிச்சம் புடிக்கிறது? வெளங்குமா இந்த வூடு?"

அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைப் பார்த்துச் சொன்னார். பிறகு தானே போய் வாளியை வழிய வழிய நிரப்பினார்.

துரை மாறிப்போனது. நின்ற இடத்திலேயே காலைத் தட்டும். நைனாவின் தோளைக் கடித்தது. ஒரு நாள் நான் வழக்கம்போல் வயிற்றுக்குக் கீழே குனிந்தேன். பின்னங்கால் வீசியதில் என் பக்கத்திலிருந்த வாளி பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. வாளி இருந்த இடத்தில் என் தலை இருந்திருக்கலாம். நான் அழக்கூட இல்லை, கொட்டகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அதன் கண்ணையே பார்த்தேன். வெள்ளை தெரிந்தது. அது எனக்குத் தெரிந்த துரையின் கண் இல்லை. பெரியப்பா மட்டும் சந்தோஷமாகத் தொடையைத் தட்டினார். "பாத்தியா, சூடு ஏறிடுச்சு."

பந்தயத்தன்று நானும் அம்மாவும் பாதித் தூரத்தில் இருந்த அரிசி மில் வாசலில் நின்றோம். கொடி இறங்கியது. முதலில் வந்தது துரை. அது ஓடி நான் பார்த்ததே இல்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு, வாயில் நுரையோடு, காதர் பாயின் குதிரையைப் பின்னால் விட்டுவிட்டு வந்தது. கரும்பு என்று கத்த வாயைத் திறந்தவர்கள் திறந்தபடி நின்றார்கள். இனி விற்கமாட்டார்கள் என்று நினைத்து நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

மில்லை நெருங்கும்போதே நடை குறுகிவிட்டது. பின்னங்கால்கள் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இழுபட்டன. எங்களுக்கு நேர் எதிரே, நடுத்தெருவில் நின்றுவிட்டது. காலைக் காற்றில் நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்கிறோம். அதன் விலாவிலிருந்து வேர்வை சொட்டுகிறது. மற்ற வண்டிகள் விலகிப் பறந்தன. கூட்டம் சிரித்தது.

"கரும்பு காட்டுங்கடா. காட்டினா ஓடும்."

பெரியப்பா குதித்து இறங்கினார். சாட்டையைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் அடித்தார். துரை உடம்பு முழுக்க நடுங்கியது, ஒரு காலைக்கூட எடுக்கவில்லை. பிறகு நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பெரியப்பா நிறுத்தவில்லை.

அம்மா தெருவைக் கடந்து போனாள். அவருக்கும் குதிரைக்கும் நடுவில் நின்றாள்.

"மாமா, சாட்டைய கீழ போடுங்க."

என் வாழ்க்கையில் அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் பேசினாள். பெரியப்பாவின் கை மேலேயே நின்றது. கூட்டத்தில் நைனாவைத் தேடினேன். இருந்தார். முன்னால் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்குள் மைக்கில் கத்த ஆரம்பித்தார்கள்: மில் கிட்ட நிற்கிற குதிரையை ஓரங்கட்ட வேண்டும், எருது விட வேண்டும். விழாக்காரர்கள் நாலைந்து பேர் வந்து கடிவாளத்தைப் பிடித்தார்கள். அம்மா அவர்கள் கைக்கு மேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்காதீங்க. காலு கட்டையாட்டம் ஆயிடுச்சு. இழுத்தா வுழுந்துரும்."

"நகரலைன்னா இன்னா பண்றது? எருதை உன் மேலயா வுடறது?"

"வுடு."

அந்த ஆள் பின்வாங்கவில்லை. நானும் போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் எருதுகளின் மணிச் சத்தம் கேட்கிறது, பறை அடிக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஜனம் திட்டுகிறது. அப்போது காதர் பாய் பந்தயத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஜெயித்தது அவர்தான், கழுத்தில் மாலை. துரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தன் வண்டியை எங்களுக்கு முன்னால் தெருவுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தினார்.

"என் குதிரையும் நகர மாட்டேங்குதுப்பா. பேஜாரா போச்சு. போயி எருதுங்கள பாக்க வந்த டாக்டரைக் கூட்டிட்டு வா."

டாக்டர் வந்து துரையின் தொடையை அழுத்திப் பார்த்தார். எத்தனை நாள் கட்டிவைத்திருந்தீர்கள், என்ன தீனி என்று கேட்டார். கொள்ளு, கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், முட்டை என்று நான்தான் ஒப்பித்தேன். அவர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்: "வேலை வாங்காம நிக்க வெச்சு இவ்ளோ போட்டு, திடீர்னு ஓட வுட்டா சதை இப்படித்தான் கட்டிக்கும். சோம்பேறித்தனம் இல்ல இது, நோவு. ஒரு அடி நகர்த்தாதீங்க. தண்ணி மட்டும் காட்டுங்க." எழுந்திருக்கும்போது துரையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற குதிரையா இருந்தா இந்த வலியில துள்ளி வுழுந்து இந்நேரம் முடிஞ்சிருக்கும். இது ஆடாம நிக்குது பாருங்க. அதான் பொழைக்கும்."

எதை அடித்துத் துரத்தப் பார்த்தார்களோ அந்தக் குணம்தான் அதைக் காப்பாற்றியது. இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வெயில் ஏறியதும் மில்லில் வேலை செய்த பெண்கள் சாக்குகளை விரித்துப் பிடித்து அதற்கு நிழல் கொடுத்தார்கள். நைனா கடைசியில் வந்தார், வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். எருதுகளை மில்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விட்டார்கள். அந்த வருஷம் அவை பாதித் தூரம்தான் ஓடின. எங்களைத் திட்டாதவர்கள் இல்லை. சாயங்காலம் மூத்திரத்தின் நிறம் வெளுத்த பிறகுதான், டாக்டர் சொல்லி, துரையை மெல்ல மில் முற்றத்துக்குள் நடத்தினோம்.

துரை பிழைத்தது. குடும்பம் பிழைக்கவில்லை. பெரியப்பா அதன்பின் சாகும்வரை அம்மாவோடு பேசவில்லை. அந்தத் தை மாதத்திலேயே அடுப்பு இரண்டானது. குதிரையையும் வண்டியையும் மூத்தவர் என்ற உரிமையில் விற்றார். நைனா சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். நாங்கள் பயந்ததெல்லாம் நடந்தது, கொஞ்சம் தள்ளி நடந்தது, அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து ராணிப்பேட்டையில் காதர் பாய் மகள் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது. பேண்டு வாத்தியம், காதடியில் பட்டாசு, குழந்தைகள் குறுக்கே ஓடுகிறார்கள். பூ ஜோடித்த குதிரை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வருகிறது. நெற்றியில் வெள்ளை. வாலாஜாபேட்டையில் கல்யாணத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் வாங்கியிருந்தாராம். "இன்னா பொறுமை பாரு, தங்கமான குதிரை" என்று பக்கத்தில் ஒரு அம்மா சொன்னார். அதே குதிரை, அதே நடை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

இப்போது மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். தோல் மூட்டைகள் டெம்போவில் போகின்றன. ஆம்பூர்த் தெருவில் வண்டிக் குதிரையைப் பார்த்து எத்தனையோ காலமாகிறது. அரைத் தீனி என்றால் என் மகன் சாப்பாட்டுக் கடையில் அரைப் பிளேட் என்று நினைக்கிறான். நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறேன். ஷிப்மென்ட் நெருங்கினால் லீவு ரத்தாகும், மதியத்துக்கு மேல் லைனில் தட்டு தட்டாகக் குளுக்கோஸ் தண்ணீர் வரும். குடித்தால் தெம்பு என்பார்கள். அந்தத் தெம்பு யார் ஓடுவதற்கு, யார் மாலை போட்டுக்கொள்வதற்கு என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் சூப்பர்வைசர் பெண் வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றாள். சின்னப் பெண், அவளுக்கு மேலே இருக்கிறவர்கள் அவளை விரட்டுகிறார்கள்.

"இன்னாக்கா, உங்க பீஸ் மட்டும் ஸ்லோவா வருது. குளுக்கோஸ் குடிக்கலையா?"

"வர்றேன் கண்ணு. கரும்பு துன்னுட்டு வர்றேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குடிக்காத குளுக்கோஸ் டம்ளரை மிஷினுக்கு அடியில் ஓரமாக வைத்துவிட்டு, என் வேகத்திலேயே அடுத்த தையலைப் போட்டேன்.